சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்தாச்சு, நம்ம தொகுதிக்கு என்ன வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் எம்.எல்.ஏ. தரப்பிலிருந்து ஒரு நோட்டீஸ் வரும். அவையில் என்ன பேசினார், என்ன கேட்டார், தொகுதிக்கு என்ன கிடைத்தது என்று அதில் வரிசையாகப் போட்டிருக்கும். முன்னெல்லாம் டீக்கடை பெஞ்சில் கிடக்கும், இப்போது வாட்ஸப்பிலும் வருகிறது. பாசன விவசாயிகள் சங்க வேலையாகக் கலெக்டர் ஆபீஸ், ஒன்றிய ஆபீஸ், நீர்வளத்துறை ஆபீஸ் என்று ஏறி இறங்கிப் பழகியவன் நான். அதனால், "அண்ணாச்சி, இதில் போட்டிருப்பது நடக்குமா?" என்று கேட்டு அந்த நோட்டீஸோடு ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எந்தக் கட்சி எம்.எல்.ஏ. என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளுக்கும், பிரிந்துபோன தென்காசி மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளுக்கும் இது பொருந்தும்.

நோட்டீஸில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு வேலையும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். எங்கள் பக்கம் வந்த ஒரு நோட்டீஸில், "குளத்து மடைகளைச் சீரமைக்க வலியுறுத்திப் பேசினேன்" என்று இருந்தது. அதைப் படித்தவர்கள் மடை வேலை இந்த வருசமே நடக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். எம்.எல்.ஏ. பேசியது உண்மை. ஆனால் பேசியதோடு அந்த வரி முடிந்துவிட்டது. அமைச்சர் என்ன பதில் சொன்னார், பணம் ஒதுக்கினார்களா, எந்த ஆபீஸுக்கு உத்தரவு வந்தது என்று எதுவும் அதில் இல்லை.

மடையின் நிலைமையைச் சொன்னால்தான் இந்த வித்தியாசம் புரியும். ஷட்டர் துருப்பிடித்துக் கீழே முழுக்க இறங்காது. பிசானம் என்கிற, ஐப்பசி, கார்த்திகை வாக்கில் தொடங்கும் நெல் போகத்துக்குக் குளம் பெருகியதும் மண்மூட்டையும் வைக்கோலும் திணித்துத்தான் தண்ணீரை நிறுத்துவோம். ராத்திரியில் மூட்டை பெயர்ந்தால் கடைமடைக்காரனுக்குத் தை மாதம் தண்ணீர் கிடையாது. இப்படி இருக்கிற இடத்தில் "வலியுறுத்தினேன்" என்பதற்கும் "பணி ஆணை வழங்கப்பட்டது" என்பதற்கும் நடுவில் ஒரு போக விளைச்சலே இருக்கிறது.

வரிசை இதுதான். கோரிக்கை வைப்பது, அமைச்சர் பதில் சொல்வது, அறிவிப்பு வருவது, நிர்வாக அனுமதி கொடுத்து அரசாணை வருவது, பொறியாளர் மதிப்பீட்டுக்குத் தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை, கடைசியில் ஜே.சி.பி. வந்து நிற்பது. நோட்டீஸில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் இதில் எந்தப் படி என்று எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் முதல் இரண்டு படியில்தான் இருக்கும். அதற்காக எம்.எல்.ஏ. மேல் கோபப்பட வேண்டாம், தொடக்கம் அங்கேதான். அடுத்த படிக்கு எப்போது போகும் என்று கேட்கிற ஆள் தொகுதிக்குள் இருக்கிறாரா என்பதுதான் என் கவலை.

அமைச்சரோ முதல்வரோ அவையிலேயே அறிவித்துவிட்டால் நடந்த மாதிரிதானே?

நடக்கும், ஆனால் எப்போது என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. நம்ம சீமையிலிருந்தே மூன்றைச் சொல்கிறேன்.

தென்காசி தனி மாவட்டம் ஆகும் என்று 2019 ஜூலை 18-ல் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு நவம்பர் 22-ல் மாவட்டம் பிறந்துவிட்டது. நாலே மாதம். கலெக்டரையும் எஸ்.பி.யையும் போட்டுத் தற்காலிகக் கட்டடத்தில் வேலையைத் தொடங்க முடிந்தது என்பதால் அவ்வளவு வேகம்.

பொருநை அருங்காட்சியகம் இரண்டாவது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அகழாய்வில் கிடைத்த நெல்மணிகள் 3,200 ஆண்டு பழமையானவை என்று ஆய்வு முடிவு வந்ததையொட்டி, 2021 செப்டம்பரில் அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் அவையில் 15 கோடி ரூபாயில் அருங்காட்சியகம் என்று அறிவித்தார். ரெட்டியார்பட்டி மலைப் பக்கம் அது கட்டி முடிந்து திறப்பு விழா கண்டது 2025 டிசம்பரில். நாலு வருசத்துக்கு மேல். இதற்கிடையில் செலவும் முதலில் சொன்ன தொகையைப் போல மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது.

மூன்றாவதுதான் நம்மை வயதாக்கிய வேலை. தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்பு. வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகிற தண்ணீரைக் கன்னடியன் கால்வாய் வழியாகத் திருப்பி, நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துக் காய்ந்த பூமிக்குக் கொண்டுபோக 75 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டுவது. 2009-ல் 369 கோடி மதிப்பீட்டில் தொடங்கியது. நிலம் எடுக்க, வழக்கு முடிய, ரயில் பாதைக்கும் நான்குவழிச் சாலைக்கும் கீழே கடக்க என்று இழுத்து, 2025 பிப்ரவரியில்தான் முறையாகத் திறந்தார்கள். செலவு ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. அந்தப் பதினாறு வருசத்தில் எத்தனை கூட்டத்தொடர், எத்தனை நோட்டீஸ்! ஒவ்வொன்றிலும் "இணைப்புத் திட்டத்தை விரைந்து முடிக்க வலியுறுத்தினேன்" என்று ஒரு வரி இருக்கத்தான் செய்திருக்கும். அந்த வரியை விடாமல் எழுதிய எல்லாருக்கும் திட்டம் முடிந்ததில் பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். நடுவில் ஆட்சிகள் மாறின. கேட்பதை நிறுத்தியிருந்தால் கால்வாய் பாதியிலேயே முள் மண்டிப் போயிருக்கும்.

ஆகவே ஒரு அறிவிப்பைப் பார்த்தால், நிலம் எடுக்க வேண்டுமா, வேறு துறை சம்மதம் வேண்டுமா, மத்திய அரசின் அனுமதி வேண்டுமா என்று பாருங்கள். மூன்றும் வேண்டாம் என்றால் சீக்கிரம் நடக்கும். ஒன்று வேண்டுமென்றாலும் வருசக்கணக்கில் பின்தொடர ஆள் வேண்டும்.

110 விதியின் கீழ் அறிவிப்பு என்கிறார்களே, அது என்ன?

பேரவை விதிகளில் 110-ஆவது விதி. பொது முக்கியத்துவம் உள்ள விஷயத்தைப் பற்றி முதல்வரோ அமைச்சரோ அவையில் ஓர் அறிக்கை படிக்கலாம், அதன்மேல் விவாதம் கிடையாது. பொருநை அருங்காட்சியகமே அப்படி வந்த அறிவிப்புதான். விவாதம் இல்லாததால், "பணம் எங்கிருந்து, எத்தனை மாதத்தில்" என்று அங்கேயே யாரும் கேட்க முடியாது. அந்தக் கேள்வியை அப்புறம் வரும் மானியக் கோரிக்கையில்தான் எழுப்ப வேண்டும். உங்கள் எம்.எல்.ஏ. எழுப்பினாரா என்று கேளுங்கள்.

மானியக் கோரிக்கை என்று நோட்டீஸ் முழுக்க இருக்கிறது. நமக்கு அதில் என்ன?

பட்ஜெட் வாசித்த அன்றைக்கு டி.வி.யில் எல்லாரும் பார்க்கிறோம். தொகுதிக்கு வேண்டிய விஷயம் இருப்பது அதற்குப் பின்னால் வரும் நாட்களில்தான். ஒவ்வொரு துறையும் தனக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று அவை முன் வந்து நிற்கும். அதுதான் மானியக் கோரிக்கை. அன்றைக்கு அந்தத் துறை கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வைக்கும். போன வருசம் என்ன செய்தோம், இந்த வருசம் என்ன செய்யப் போகிறோம் என்று மாவட்டவாரியாகப் பல பக்கம் இருக்கும். விவாதம் முடிந்து அமைச்சர் பதிலளிக்கும்போது புதிய அறிவிப்புகளையும் வரிசையாகப் படிப்பார்.

இந்தப் புத்தகம் அரசின் இணையதளத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. நீர்வளத்துறைப் புத்தகத்தைச் செல்போனில் இறக்கி, அணைக்கட்டு, கால்வாய், ஊர் என்று பெயர் போட்டுத் தேடினால் இரண்டு நிமிசத்தில் தெரிந்துவிடும். நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் பாசனக்காரர்கள் ஆளுக்கு ஒரு தடவையாவது இதைச் செய்து பாருங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது, அதையும் சேர்த்துத் தேடுங்கள். நோட்டீஸில் இருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் பொருந்துகிறதா என்று பார்க்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது.

"கேள்வி நேரத்தில் கேட்டேன், பரிசீலிப்பதாக அமைச்சர் சொன்னார்" என்றால் நம்பலாமா?

பதிலின் முழு வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள். "நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்பது ஒரு ரகம். "அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை" என்பது இன்னொரு ரகம். இரண்டாவதைக் கேட்டால் நமக்கு மனசு விட்டுப்போகும். ஆனால் விவரம் அதில்தான் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையம் கேட்டிருந்தால், சமவெளியில் 30,000 மக்களுக்கு ஒன்று என்பது பொது அளவுகோல், அந்த எண்ணிக்கை இல்லை என்று காரணம் வரும். காரணம் தெரிந்தால் பதில் தயார் பண்ணலாம்: மக்கள்தொகை குறைவுதான், ஆனால் மலையடிவாரம், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் பேருந்து இத்தனை நேரத்துக்கு ஒன்றுதான் என்று அடுத்த மனுவில் எழுதலாம்.

கேள்வி கேட்பதில் இன்னொரு பயன் உண்டு, வெளியே தெரியாது. சென்னையில் கேள்வி அனுமதிக்கப்பட்டதும் துறைத் தலைமையிலிருந்து மாவட்டத்துக்குக் கேட்பு வரும். இங்கே உள்ள பொறியாளரோ அதிகாரியோ அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதியாக வேண்டும். வருசக்கணக்கில் தூங்கின கோப்பு அன்றைக்கு மேசைக்கு வரும். பதில் "இல்லை" என்றே வந்தாலும் அறிக்கை கோப்பில் இருக்கும். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அறிக்கையின் நகலைக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

எங்கள் எம்.எல்.ஏ. எதிர்க்கட்சி. அவரால் என்ன ஆகும்?

அமைச்சரை நேரில் பார்த்துக் காரியம் முடிப்பது ஆளுங்கட்சிக்காரருக்குச் சுலபம், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கேள்வி, அவசர விஷயத்தில் அமைச்சரிடம் பதில் கேட்கும் கவன ஈர்ப்பு, கேள்வி நேரம் முடிந்ததும் பிரச்சினையை எழுப்பும் நேரமில்லா நேரம், வெட்டுத் தீர்மானம் எல்லாம் அத்தனை உறுப்பினருக்கும் உண்டு. வெட்டுத் தீர்மானம் கொடுப்பதே எதிர்க்கட்சிக்காரர்கள்தான். இந்தத் துறைக்குக் கேட்கும் பணத்தில் இவ்வளவு குறைக்க வேண்டும் என்று பெயரளவில் சொல்லி, இந்தக் குளத்தைப் பார்க்கவில்லை, இந்தப் பள்ளிக்குக் கட்டடம் இல்லை என்று குறையைப் பதிவு செய்வார்கள். தீர்மானம் தோற்றுத்தான் போகும். குறை அவைக்குறிப்பில் ஏறிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில், தொகுதியின் முக்கியமான 10 கோரிக்கைகளைக் கலெக்டரிடம் கொடுக்கும்படி அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும், கட்சி பார்க்காமல், கடிதம் எழுதினார். அந்தப் பத்து என்னென்ன, எத்தனை முடிந்தது என்று உங்கள் தொகுதியில் யாருக்காவது தெரியுமா? விசாரித்துப் பாருங்கள். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இருந்ததே தெரியவில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

தொகுதி நிதி மூன்று கோடி அவர் கையில்தானே இருக்கிறது?

கையில் இல்லை. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் ஆண்டுக்குத் தொகுதிக்கு 3 கோடி ரூபாய். எம்.எல்.ஏ. இந்த வேலையைச் செய்யலாம் என்று எழுதிக் கொடுப்பார். அனுமதி கொடுப்பது கலெக்டர், நடத்துவது ஊரக வளர்ச்சித் துறையோ மாநகராட்சியோ வேறு துறையோ. பணம் எம்.எல்.ஏ. கணக்குக்குப் போகாது.

கோவிலுக்கு மண்டபம், சங்கத்துக்குத் தனிக் கட்டடம் என்று கேட்டு அவரைத் தர்மசங்கடத்தில் விடாதீர்கள், அதற்கெல்லாம் இந்தப் பணத்தில் வழி கிடையாது. ரேஷன் கடை, அங்கன்வாடி, பள்ளி வகுப்பறை, சிமெண்ட் சாலை, குடிநீர்த் தொட்டி கேளுங்கள். எந்த ஊருக்கு எவ்வளவு போனது என்ற பட்டியல் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் இருக்கிறது. நோட்டீஸில் இந்தப் பட்டியல் முழுசாக வந்தால் அது நல்ல நோட்டீஸ். படம் மட்டும் பெரிதாக வந்தால் பட்டியலை நாமே கேட்டு வாங்க வேண்டியதுதான்.

எதற்கு எம்.எல்.ஏ.யிடம் போவது, எதற்கு எம்.பி., எதற்குக் கவுன்சிலர்?

நிறையப் பேர் தடுமாறுவது இதில்தான். தெருவிளக்கும் வாறுகாலும் (சாக்கடையும்) உள்ளாட்சி வேலை. நெல்லை மாநகராட்சியில் 55 வார்டுகள், கவுன்சிலரையோ மண்டல ஆபீஸையோ பாருங்கள். கிராமத்தில் ஊராட்சித் தலைவர், கிராம சபை. கூடங்குளம் அணுமின் நிலையமும் ரயிலும் தேசிய நெடுஞ்சாலையும் மத்திய அரசு, எம்.பி.யிடம் போக வேண்டும்.

சிக்கல் வருவது இரண்டு பேருக்கும் பங்கு உள்ள இடத்தில். பாவூர்சத்திரக்காரர்களைக் கேட்டால் ரயில்வே மேம்பாலம் என்றால் என்ன என்று சொல்வார்கள். தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதி ரயில்வேயுடையது, இரண்டு பக்கத்து ஏற்றமும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. ஒருவர் முடித்து மற்றவர் முடிக்காவிட்டால் பாலம் அந்தரத்தில் நிற்கும். அப்போது எம்.எல்.ஏ.க்கும் எம்.பி.க்கும் ஒரே மனுவைக் கொடுக்க வேண்டும்.

பீடி இன்னொன்று. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் வீட்டுக்கு வீடு தட்டு வைத்துச் சுற்றுகிறார்கள். பீடிக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிப்பது மாநில அரசு, ஆகவே எம்.எல்.ஏ. அவையில் பேச வேண்டிய விஷயம் அது. ஆனால் பீடித் தொழிலாளர் மருத்துவமனையும் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. அதற்கென்று வசூலித்த தனி வரி 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது எடுக்கப்பட்டுவிட்டது, இப்போது மத்திய பட்ஜெட்டில்தான் பணம் வர வேண்டும். கூலி பற்றிய மனுவை எம்.பி.யிடமும் உதவித்தொகை மனுவை எம்.எல்.ஏ.யிடமும் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களிடம் இதைச் சொல்லவில்லை.

குளத்துக்கு வருவோம். ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் அது நீர்வளத்துறைக் குளம், நம் வாயில் இன்னும் பொதுப்பணித்துறைக் குளம். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியக் குளம். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் மறுகால் (குளம் நிறைந்தால் உபரித் தண்ணீர் வெளியேறும் இடம்) உடைப்புக்காக ஓர் ஆபீஸில் மனுக் கொடுத்தார்கள். அது எங்கள் குளம் இல்லை என்று இன்னொரு ஆபீஸுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்தும் அதே பதில். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் அந்த மறுகால் மொத்தமாகவே போய்விட்டது. குளம் யாருடையது என்று முதல் மனுவிலேயே எழுதியிருந்தால் அந்த அலைச்சலாவது மிச்சமாகியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் ஆயக்கட்டு விவரம் இருக்கும், கேட்டுக் குறித்துக்கொண்டு அப்புறம் எழுதுங்கள்.

பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு?

இதற்கு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்க வேண்டாம். தாலுகா ஆபீஸ், அங்கே வருசம் ஒரு தடவை வருவாய்க் கணக்கைச் சரிபார்த்து மனு வாங்கும் ஜமாபந்தி, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸின் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், 1100 உதவி எண். எதில் கொடுத்தாலும் மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

எம்.எல்.ஏ. வழியாக இல்லாமல் சட்டமன்றத்துக்கே மனு அனுப்ப முடியுமா?

முடியும். இது நிறையப் பேருக்குத் தெரியாத நல்ல வழி. பேரவையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது, எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.க்களும் அதில் இருப்பார்கள். மாவட்டம் மாவட்டமாக வருவார்கள். வருவதற்கு முன்னால் கலெக்டர் வழியாகப் பத்திரிகைகளில் செய்தி வரும், அதில் கடைசித் தேதி இருக்கும்.

மனு தமிழில், ஐந்து நகல், தேதியும் கையெழுத்தும் போட்டு, தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600009 என்ற முகவரிக்கு. பல வருசமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்ததாக. பாலமும் பள்ளியும் குடிதண்ணீரும் என்று ஒரே தாளில் எழுதினால் தள்ளிவிடுவார்கள். வேலை வேண்டும், பட்டா வேண்டும், கடன் வேண்டும், இடமாற்றம் வேண்டும் என்ற தனி ஆள் மனுக்களும், கோர்ட்டில் வழக்கு நடக்கும் விஷயங்களும் எடுபடாது.

எடுத்துக்கொண்ட மனுவுக்குத் துறை அதிகாரி குழுவின் முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும், மனுதாரரையும் கூப்பிடுவார்கள். அரசு உறுதிமொழிக் குழு என்றும் ஒன்று உண்டு. "செய்து தருகிறோம்" என்று அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்ப்பதே அதன் வேலை. உங்கள் ஊர் பற்றி அமைச்சர் அப்படிச் சொல்லியிருந்தால், தேதியோடு அதை அந்தக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுபோக எம்.எல்.ஏ.யிடம் சொல்லுங்கள்.

அவையில் மசோதா நிறைவேறியது என்றால் சட்டம் ஆகிவிட்டதா?

ஆளுநர் ஒப்புதல் கொடுத்தால்தான் சட்டம். துணைவேந்தர் நியமனம் பற்றிய மசோதாக்கள் இதற்கு நல்ல உதாரணம். அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைப் பற்றிக் கேட்பார்கள். அப்படி நிலுவையில் கிடந்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக, ஆளுநருக்கு நீதிமன்றம் காலவரம்பு விதிக்க முடியாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னது. ஆக, நோட்டீஸில் "சட்டம் கொண்டுவந்தோம்" என்றிருந்தால் ஒப்புதல் ஆகி அரசிதழில் வந்ததா என்று கேட்க வேண்டும்.

நம்ம பக்கத்து ஆள் சபாநாயகரானால் தொகுதிக்கு நல்லதா?

நெல்லைச் சீமைக்கு அந்த நாற்காலி ரொம்பப் பழக்கம். எஸ். செல்லப்பாண்டியன் 1962 முதல் 1967 வரை. பி.எச். பாண்டியன், சேரன்மகாதேவி உறுப்பினர், 1985 முதல் 1989 வரை. அம்பாசமுத்திரத்தின் இரா. ஆவுடையப்பன் 2006 முதல் 2011 வரை. 2021 மே மாதம் ராதாபுரத்தின் மு. அப்பாவு. நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த நாற்காலியில் இருப்பவர் அவையில் எழுந்து கேள்வி கேட்கவோ தொகுதிக்காக வாதாடவோ முடியாது. சமமாக ஓட்டு விழுந்தால் மட்டும் ஓட்டுப் போடலாம். தொகுதி வேலையை அமைச்சர்களிடமும் கலெக்டரிடமும் நேரில் பேசித்தான் செய்ய வேண்டும். அப்படிப்பட்ட தொகுதிக்காரர்கள் மனுக்கள் குழுவை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் எண்ணம்.

நேரலையில் பார்க்க முடியுமா?

கேள்வி நேரம் 2022 ஜனவரியிலிருந்து நேரலையாக வருகிறது. காலை வேலைக்குப் போகிறவர்கள் இணையத்தில் பிறகு பார்க்கலாம். அவைக்குறிப்புகள் பேரவை இணையதளத்தில் வரும், சற்றுத் தாமதமாகும்.

எம்.எல்.ஏ.க்குச் சம்பளம் எவ்வளவு?

2017-ல் மாதம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக உயர்த்தினார்கள். அனுமதி வாங்காமல் 60 நாள் அவைக்கு வராவிட்டால், அந்த இடம் காலி என்று அவை அறிவிக்கலாம் என்று அரசியல் சட்டத்தில் இருக்கிறது. எத்தனை நாள் வந்தார் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இப்படியெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாரா? ஒரு ஆள் கேட்டு என்ன ஆகப்போகிறது?

2016-ல் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. ஒரு தெருவில் அவ்வளவு ஓட்டு இருக்கும். அதை நேரில் பார்த்த சீமையில், ஓர் ஊரின் கேள்வியை எந்தக் கட்சிக்காரரும் லேசாக எடுக்க மாட்டார். கோபமாகக் கேட்காமல் தாளோடு கேளுங்கள். "போன கூட்டத்தொடர் நோட்டீஸில் இந்த வரி போட்டிருந்தீர்கள், இப்போது எந்தப் படியில் இருக்கிறது, ஐயா?" என்று கேட்டால் பெரும்பாலும் அங்கேயே உதவியாளரைக் கூப்பிட்டு விசாரிப்பார். கேள்வி கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த நோட்டீஸ் இன்னும் விவரமாக வரும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தொடருக்கு எப்போது, எப்படிக் கொடுப்பது?

வருசத்தின் முதல் கூட்டம் ஆளுநர் உரையோடு தொடங்கும், பெரும்பாலும் ஜனவரியில். பிப்ரவரி, மார்ச்சில் பட்ஜெட். துறைகள் கணக்குப் போடுவது அதற்குப் பல மாதம் முன்பே. ஆகவே பட்ஜெட் வாசித்த பிறகு மனுவோடு போனால் அந்த வருசத்துக்குப் பிந்திவிட்டது. பிசானத்துக்கு அணை திறக்கும் சமயத்திலேயே, ஐப்பசி, கார்த்திகை வாக்கில் கொடுத்துவிடுங்கள்.

ஒரே பக்கம் போதும். மேலே ஊர், தாலுகா, ஒன்றியம். பிறகு வேலை என்ன என்று ஒரே வாக்கியம். குளம் என்றால் பெயர், சர்வே எண், ஆயக்கட்டு, எந்தக் கால்வாயில் பாய்கிறது, எத்தனை மடை, எது பழுது. முன்பு கொடுத்த மனுக்களின் எண்ணும் தேதியும், வந்த பதிலும். இரண்டு படம்: தண்ணீர் இருக்கும்போது ஒன்று, வற்றிய பிறகு ஒன்று. கிராம சபைத் தீர்மானம் இருந்தால் அதன் நகல் ரொம்ப பலம். இல்லையென்றால் நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானம் போட்டு வாங்குங்கள், ஜனவரி 26-க்குக் காத்திருந்தால் பிந்திவிடும். கீழே ஐந்தாறு பேர் கையெழுத்தும், கூப்பிட்டால் எடுக்கிற ஒரு செல்போன் எண்ணும். எம்.எல்.ஏ. ஆபீஸில் கொடுத்துவிட்டு இன்னொரு நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்கி வையுங்கள். கூட்டத்தொடர் முடிந்து நோட்டீஸ் வந்ததும் அந்த நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.